பழைய நட்சத்திரத்தை கிளப்புக்கு எடுக்கலாமா? நான்கு வழிகளும் அவற்றின் உண்மையான விலையும்

கால்பந்து வீரர்கள் கிளப் மாறும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசனிலும் யாராவது ஒரு வாசகர் இதைக் கேட்டுவிடுகிறார். ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய பெயர். இப்போது வயது முப்பத்திரண்டோ முப்பத்தைந்தோ. காயம், குடி, இரவுக் கேளிக்கை, பழைய கிளப்போடு தகராறு என்று பின்னால் ஒரு மூட்டை. டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்க வேண்டியதில்லை, சும்மாவே வருவார். “நம்ம டீம் எடுக்கலாமா, வேண்டாமா?”

சண்டை உடனே இரண்டாகப் பிரியும். “அவர் காலில் இன்னும் மந்திரம் இருக்கிறது” என்பார்கள் ஒரு பக்கம். “டிரெஸ்ஸிங் ரூமையே கெடுத்துவிடுவார்” என்பார்கள் இன்னொரு பக்கம். இந்தச் சண்டையைப் பல வருடமாகக் கேட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் வீரரை மட்டும்தான் அலசுகின்றன. எடுக்கப்போகும் கிளப்பை யாரும் அலசுவதில்லை. ஆனால் ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரு கிளப்பில் கோர்ட் வாசல் வரை போய், அடுத்த கிளப்பில் கண்டத்துக் கோப்பையைத் தூக்கியிருக்கிறார். இந்த விஷயத்தை எடைபோட அதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2011 ஜனவரி 12. ரியோவில் ஃபிளமெங்கோ கிளப்பின் காவியா மைதானத்தில் ஏறக்குறைய 20,000 பேர் திரண்டார்கள், பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோவை வரவேற்க. மிலானிலிருந்து வந்திருந்தார், வயது முப்பது. அவர் சிறுவனாக வளர்ந்த கிரேமியோ கிளப், தன்னிடம்தான் வரப்போகிறார் என்று நம்பி மைதானத்தில் ஒலிபெருக்கிகூடக் கட்டிவைத்திருந்தது. அதையெல்லாம் தாண்டி ஃபிளமெங்கோ அவரைப் பிடித்தது, 2014 முடிய ஒப்பந்தம் போட்டது. 2012 மே 31 அன்று, சம்பளம் வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அவர் வெளியேறினார். நான்கே நாளில், ஜூன் 4 அன்று, பெலோ ஒரிசோன்ச்சி நகரின் அட்லெட்டிகோ மினெய்ரோவில் சேர்ந்தார். 2013 ஜூலை 24 அன்று அந்த கிளப் தன் வரலாற்றில் முதல் முறையாக, தென் அமெரிக்க கிளப்களின் மிகப் பெரிய கோப்பையான கோபா லிபர்ட்டடோரஸை வென்றது.

பதினாறு மாதத்தில் கசந்துபோன மனிதர் அடுத்த பதின்மூன்று மாதத்தில் இனித்தார் என்றால், அவர் அதற்குள் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுற்றியிருந்தது மாறியது.

எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்குமுன் அளவுகோல். நான் ஆறு விஷயங்களைப் பார்க்கிறேன்.

*உடம்பு.* மருத்துவப் பரிசோதனையில் தேறுவது ஒரு நாள் வேலை. கடைசி 12 மாதத்தில் அவர் எத்தனை மேட்ச் ஆடினார், எத்தனை பயிற்சிக்கு வந்தார் என்பதுதான் நிஜமான அறிக்கை. நாள்கணக்கில் சும்மா இருந்து எடை கூடிய உடம்பை முப்பது வயதுக்குமேல் ஒரே மாதத்தில் இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் முதலில் அறுவது தசைநார். பிரேசில் ஸ்ட்ரைக்கர் அட்ரியானோ 2011 மார்ச் இறுதியில் சாவ் பாவ்லோ நகரின் கொரிந்தியன்ஸ் கிளப்பில் சேர்ந்தார். ஒரு மாதத்துக்குள் பயிற்சியிலேயே குதிகாலில் அக்கிலிஸ் தசைநார் அறுந்தது. அக்டோபர் வரை களமிறங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 29தான்.

*சம்பளம் யார் பையிலிருந்து.* கிளப்பின் சொந்தக் காசா, ஸ்பான்சர் தருவேன் என்று சொன்ன காசா? ஃபிளமெங்கோவின் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

*யார் கேட்டது.* பயிற்சியாளர் கேட்டு வந்தாரா, கிளப் தலைவர் கேட்டு வந்தாரா? பயிற்சியாளர் கேட்டிருந்தால் அவரை எங்கே நிறுத்துவது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்று பொருள். அதற்கும் ஒரு ஆபத்து உண்டு. கேட்டவர் போய்விட்டால் வீரர் அநாதை. இங்கிலாந்து நட்சத்திரம் பால் காஸ்கோய்னை எவர்ட்டன் கிளப்புக்கு 2000இல் அழைத்து வந்தவர் பயிற்சியாளர் வால்டர் ஸ்மித். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸில் முன்பு அவரை வைத்து அணி நடத்தியவர், அவர் மனது தெரிந்தவர். 2002 மார்ச்சில் ஸ்மித்தின் வேலை போனது. அதே மாதத்தில் காஸ்கோய்னும் வெளியே.

*சுற்றி ஓட ஆள் இருக்கிறதா.* மந்திரக்காலுக்கு வயது ஏறும்போது முதலில் குறைவது வேகமும் திரும்பி ஓடும் மனமும். அவர் ஓடாத ஓட்டத்தை இன்னொருவர் ஓடியாக வேண்டும். அப்படி இரண்டு மூன்று பேர் அணியில் ஏற்கெனவே இல்லையென்றால் பத்துப் பேரோடு ஆடுவதற்குச் சமம்.

*எந்த ஊருக்கு வருகிறார்.* பழைய சேர்க்கை இருக்கும் ஊரா, வேலையைத் தவிர வேறு இழுப்பு இல்லாத ஊரா? இதற்கு ஒரே விடை கிடையாது. ஒருவருக்குச் சொந்த ஊர் மருந்து, இன்னொருவருக்கு அதுவே நோய்.

*வெளியே போகும் கதவு.* சரிவராவிட்டால் எத்தனை மாதத்தில், எவ்வளவு செலவில் பிரியலாம்? ஒப்பந்தம் எழுதும் நாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பேச அதைவிட நல்ல நாள் கிடையாது.

வழி ஒன்று: விழா எடுத்து நீண்ட ஒப்பந்தம்

கிளப் தலைவர்களுக்குப் பிடித்த வழி இதுதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று கணக்குப் போடுகிறார்கள். ஜெர்சி விற்கும், டிக்கெட் விற்கும், ஸ்பான்சர் வருவார். யானைக்கு தினமும் தீனி போட வேண்டும் என்பது மூன்றாவது மாதத்தில்தான் உறைக்கிறது.

ஃபிளமெங்கோவில் ரொனால்டினோவின் சம்பளத்தில் பெரும்பங்கை டிராஃபிக் என்ற விளையாட்டு மார்க்கெட்டிங் நிறுவனம் தருவதாக ஏற்பாடு. அவர் பெயரை வைத்து வரும் விளம்பர வருமானத்தில் அதை மீட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. நிறுவனம் விலகியது. மொத்தச் சுமையும் கிளப் தலையில் விழுந்தது. ஏற்கெனவே கடனில் இருந்த கிளப்பால் தாங்க முடியவில்லை. பாக்கி ஏறியது. இறுதியில் ரொனால்டினோ கேட்டு வழக்குப் போட்ட தொகை சுமார் 4 கோடி பிரேசில் ரியால்.

களத்தில் அவர் மோசம் என்று சொல்லவே முடியாது. 2011இல் ரியோ மாநிலப் பட்டம் கிடைத்தது. அந்த ஜூலையில் சான்டோஸ் மைதானத்தில், இளம் நெய்மர் ஆடிய அணிக்கு எதிராக, 5–4 என்று ஜெயித்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். அதில் ஒன்று, தடுப்புச் சுவராக நின்றவர்கள் குதிக்கும்போது அவர்கள் காலடியில் உருட்டிவிட்ட ஃப்ரீ கிக். அந்த ஒரு ஆட்டத்துக்காகவே எடுத்தது சரி என்று சொல்லும் ஃபிளமெங்கோ ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பயிற்சியாளர் லக்செம்பர்கோவோடு உரசல் முற்றியபோது, 2012 பிப்ரவரியில் வேலை இழந்தது பயிற்சியாளர். நீண்ட ஒப்பந்தத்தின் மறைந்த செலவில் முதன்மையானது இது: நான்கு வருடச் சம்பளம் எழுதிக் கொடுக்கப்பட்ட ஆளை யாராலும் வெளியே அனுப்ப முடியாது, அதனால் மற்றவர்கள் வெளியே போகிறார்கள்.

இத்தாலியின் ரோமா 2010இல் அட்ரியானோவுக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது. முந்தைய வருடம் பிரேசிலில் அவர் அடித்த கோல்கள் கண்ணை மறைத்தன. உடம்பு தயாராக இல்லை, காயம் மாறிக் காயம், இத்தாலியை விட்டு ஒருமுறை ஓடிவந்த மனது மறுபடி அங்கே ஒட்டவில்லை. 2011 மார்ச்சில் ஒப்பந்தம் ரத்து. ஒரு கோல்கூட இல்லை.

ஸ்பெயினின் செவிய்யா கிளப்பையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். போதைப்பொருளுக்காக விதித்த 15 மாதத் தடை முடிந்து 1992இல் மரடோனா வெளியே வந்தபோது, அவரது கிளப்பான நாப்போலிக்கு 75 லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்தார்கள். பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ. 1986 உலகக் கோப்பையை மரடோனாவோடு சேர்ந்து வென்றவர். “யார் கேட்டது” என்ற அளவுகோலில் இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. அப்படியும் கடைசி ஆட்டத்தில், 1993 ஜூனில், புர்கோஸ் அணிக்கு எதிராக இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடத்தில் பிலார்டோ அவரை வெளியே அழைத்தார். வலிக்கும் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு இறங்கியவருக்கு அது பொறுக்கவில்லை. ஏசிக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை. ஒரு அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இந்த வழி எப்போது சரி? நேர்மையாகச் சொன்னால், முப்பதைத் தாண்டி, ஒரு வருடமாக ஒழுங்காக ஆடாதவருக்கு இது சரியாக வந்து நான் பார்த்ததில்லை.

வழி இரண்டு: ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், சொந்தக் காசில்

அட்லெட்டிகோ மினெய்ரோ செய்தது இது. 2012 ஜூனில் அவர்கள் இருந்த நிலையை முதலில் சொல்ல வேண்டும். தேசிய லீக்கை வென்றது 1971இல், அதன்பின் இல்லை. முந்தைய சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியதே பெரிய விஷயம். கடைசி நாளில் பரம எதிரி குருசெய்ரோவிடம் 6–1 தோல்வி. அந்த கிளப்பின் தலைவர் அலெக்சாந்த்ரே கலில், கோர்ட்டிலிருந்து வெளியே வந்த ரொனால்டினோவோடு ஆறு மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். பத்தாம் எண் ஜெர்சி காலியாக இல்லை. தன் தாய் பிறந்த வருடமான 1949ஐ நினைத்து 49ஐ வாங்கிக்கொண்டார் ரொனால்டினோ. அந்த நாட்களில் தாயின் உடல்நிலை சரியில்லாமல் இருந்தது. ரசிகர்கள் தாயின் பெயரை எழுதிய பதாகையோடு மைதானத்துக்கு வந்தார்கள். ஒரு கிளப் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது ஒப்பந்தத் தாளோடு முடிகிறதில்லை என்பதற்கு இந்தப் பதாகையைத்தான் எப்போதும் காட்டுவேன்.

அணியைப் பாருங்கள். நடுக்களத்தில் பியரும் லியாந்த்ரோ டோனிசெட்டும் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்குகிறார்கள். விங்கில் பெர்னார்ட், அதே கிளப்பின் பள்ளியில் வளர்ந்த பையன், பத்தொன்பது வயது, நிற்கவே தெரியாது. முன்னால் ஜோ; அவரும் ஒழுங்கீனம் என்று இன்னொரு கிளப் அனுப்பிவிட்ட ஆள்தான். பயிற்சியாளர் கூக்கா, ரொனால்டினோவைத் துரத்தி ஓடச் சொல்லவே இல்லை. பந்து கிடைத்தால் எங்கே போக வேண்டும் என்று யோசிக்க மட்டும் சொன்னார்.

2013 பிப்ரவரியில் சாவ் பாவ்லோவுக்கு எதிரான லிபர்ட்டடோரஸ் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆட்டம் ஒரு நிமிடம் நின்றிருக்கிறது. ரொனால்டினோ மெதுவாக நடந்து எதிரணி கோல்கீப்பர் ரொஜேரியோ செனியிடம் போய் தண்ணீர் கேட்கிறார். செனி பாட்டிலைக் கொடுக்கிறார். குடித்துவிட்டு அங்கேயே, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், நிற்கிறார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அட்லெட்டிகோவுக்கு த்ரோ-இன். த்ரோ-இன்னில் ஆஃப்சைடு கிடையாது. மார்க்கோஸ் ரோச்சா நீளமாக எறிகிறார். தனியாக நிற்கும் ரொனால்டினோவிடம் பந்து வருகிறது. ஒரு தட்டில் குறுக்கே அனுப்புகிறார். ஜோ கோல் அடிக்கிறார். அவர் அதில் பத்து மீட்டர்கூட ஓடவில்லை. வயதான ஆட்டக்காரரிடம் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். இதை வாங்க, ஓடுகிற ஆட்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்க வேண்டும்.

இறுதி ஆட்டம் நம் ஊர் நேரப்படி ஜூலை 25 காலை. விட்டு விட்டு ஓடிய இணைய ஒளிபரப்பில் பார்த்தேன், வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும். இரண்டு ஆட்டம் கொண்ட இறுதியில், முதலில் பராகுவேயின் ஒலிம்பியாவிடம் அசுன்சியோன் நகரில் 2–0 என்று தோற்றுவந்தவர்கள், மினெய்ராவ் மைதானத்தில் அதே 2–0ஐத் திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் 4–3 என்று வென்றார்கள். இரண்டு கோலையும் அடித்தது ஜோவும் தடுப்பாட்டக்காரர் லியோனார்டோ சில்வாவும். அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவரும் ஜோதான், ஏழு. நட்சத்திரம் கோல் அடிக்காமலே அணி ஜெயிக்கிற நிலைதான் எடுத்தது சரியாக வந்ததற்கு அடையாளம்.

இதே வழியின் இன்னொரு வெற்றி, ஃபிளமெங்கோ 2009. ஆம், அதே ஃபிளமெங்கோ. அந்த ஏப்ரலில் அட்ரியானோ இத்தாலிக்குத் திரும்ப மறுத்துவிட்டார். 2004இல் அப்பா இறந்ததிலிருந்து உள்ளே உடைந்துபோயிருந்தவர். கோடிக்கணக்கான சம்பளத்தை விட்டுவிட்டு, தான் பிறந்த விலா குருசெய்ரோ குடிசைப் பகுதிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவரது இத்தாலிய கிளப்பான இன்டர் அவரை விடுவித்தது. மே மாதம் ஃபிளமெங்கோ எடுத்தது. அந்த லீக்கில் 19 கோல், அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் சமமாக முதலிடம். டிசம்பரில் கிளப்புக்கு 1992க்குப் பிறகு முதல் தேசிய லீக் பட்டம். அதே அணியில் 37 வயது செர்பியர் பெட்கோவிச்சும் இருந்தார். கிளப் அவருக்குத் தர வேண்டிய பழைய பாக்கியைத் தீர்க்கும் ஏற்பாட்டில் திரும்பி வந்தவர். பழைய வீட்டுக்கு வந்த இரண்டு பேர், பெரிய எதிர்பார்ப்பு ஏதும் சுமத்தப்படாமல் ஆடினார்கள்.

மறைந்த செலவு இங்கும் உண்டு. முதலாவது, பயிற்சிக்கு வராத நாட்கள். அட்ரியானோவுக்குக் கிடைத்த சலுகையை மற்ற வீரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜெயிக்கும்வரை அது யாருக்கும் உறுத்தாது. இரண்டாவது, வெற்றியே ஒரு பொறி. ஆறு மாதம் நன்றாக ஆடியவரை நீட்டிக்கும்போது, போன வருடத்து ஆட்டத்துக்கு இந்த வருடம் காசு கொடுக்கிறோம். ரொனால்டினோ 2014 ஜூலையில் அட்லெட்டிகோவை விட்டார். அடுத்து மெக்சிகோவில் ஒரு சீசன். 2015இல் ரியோவின் ஃப்ளூமினென்சி கிளப்பில் ஒன்பது ஆட்டம், கோல் இல்லை, இரண்டே மாதத்தில் பிரிவு. ஆகவே நீட்டிப்பதாக இருந்தால் முதல் ஒப்பந்தத்துக்குக் கேட்ட ஆறு கேள்வியையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த வழியின் சாயல் உண்டு. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய 2014இல் சீசனே இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான். சென்னையின் எஃப்சிக்கு 33 வயது பிரேசில் வீரர் எலானோ வந்து 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். அதே சீசனில் டெல்லிக்கு வந்த இத்தாலிய நட்சத்திரம் டெல் பியரோவுக்கு ஒரு கோல். இருவருமே பிரச்சினைக்குரிய ஆட்கள் கிடையாது; ஆனால் சீசன் குட்டையாக இருந்தால் சரிவராததன் செலவும் குட்டையாக இருக்கும் என்பதற்கு அது போதும்.

வழி மூன்று: ஆட்டத்துக்கு இவ்வளவு, அல்லது வருமானத்தில் பங்கு

மேலோட்டமாகப் பார்த்தால் கிளப்புக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை. ஆடினால் காசு, ஆடாவிட்டால் இல்லை.

1979 நவம்பரில் எடின்பராவின் ஹிபர்னியன், ஒரு காலத்து மான்செஸ்டர் யுனைடெட் நட்சத்திரமான 33 வயது ஜார்ஜ் பெஸ்ட்டை ஆட்டத்துக்கு 2,000 பவுண்டு என்று எடுத்தது. சொந்த மைதானத்தில் அவர் முதல் முறை இறங்கியபோது கூட்டம் வழக்கத்தைப்போல நான்கு மடங்கு. வசூலைப் பொறுத்தவரை கணக்கு சரி. ஆனால் குடியை அவரால் விட முடியவில்லை. கோப்பை ஆட்டத்துக்கு முன் குடித்துவிட்டு ஆட முடியாத நிலையில் இருந்ததால் கிளப் அவரை நீக்கியது. சில நாளில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சீசன் முடிவில் ஹிபர்னியன் கடைசி இடம், டிவிஷன் இறக்கம். நீக்கியவரை ஏன் திரும்பச் சேர்த்தார்கள்? வாசலில் டிக்கெட் வாங்கக் கூட்டம் அவருக்காக வந்தது. ஆட்டத்துக்குக் காசு என்ற ஒப்பந்தம் கிளப்பையும் அவருக்கு அடிமையாக்கிவிடுகிறது. வீரர் பக்கமும் கெடுதல் உண்டு: காயத்தோடு இறங்குவார், சொல்ல மாட்டார்.

வருமானப் பங்கு இதைவிட நாகரிகமான வகை. 2008 டிசம்பரில் பிரேசிலின் ரொனால்டோ, வயது 32, மூன்றாவது முறையாகப் பெரிய முழங்கால் காயம்பட்டு, ஃபிளமெங்கோவின் மைதானத்தில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிவந்த கொரிந்தியன்ஸ் அவரை எடுத்தது. அவரால் வரும் ஜெர்சி விளம்பரப் பணத்தில் பெரிய பங்கு அவருக்கே என்று ஒப்பந்தம். கிளப்புக்கு இழக்க அதிகம் இல்லை. 2009 மார்ச்சில் பல்மெய்ராஸுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில் தலையால் முட்டிச் சமன் செய்து, ஓடிப்போய் வேலியில் ஏறினார். வேலி சரிந்தது. அந்த வருடமே மாநிலப் பட்டமும் கோபா டோ பிரேசிலும். மொத்தம் 69 ஆட்டத்தில் 35 கோல்.

இங்கே செலவு பின்னால் வந்தது. 2010 கிளப்பின் நூற்றாண்டு, ஒரு கோப்பையும் இல்லை. 2011 பிப்ரவரியில் கொலம்பியாவின் டோலிமாவிடம் தோற்று லிபர்ட்டடோரஸின் முதல் வாசலிலேயே வெளியேறினார்கள். ரசிகர்களின் கோபம் எல்லை மீறியது. இரண்டு வாரத்தில் ரொனால்டோ ஓய்வு அறிவித்தார், தைராய்டு குறைபாட்டைப் பற்றி அப்போதுதான் வெளியே சொன்னார். அவர் எடையைக் கிண்டல் செய்த அத்தனை பேரும் அன்று வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

பெயருக்கு இன்னும் சந்தை இருக்கிறது, கிளப்புக்குப் பெரிய ரசிகர் படை இருக்கிறது என்றால் இந்த வழி. ஐயாயிரம் பேர் வரும் சிறிய கிளப்புக்கு இது உதவாது. பங்கு போட வருமானமே இருக்காது.

வழி நான்கு: வேண்டாம்

இதற்கு விழா கிடையாது, தலைப்புச் செய்தி கிடையாது. அதனால்தான் பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

கொரிந்தியன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். டோலிமா தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் டீச்சியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அட்ரியானோவை 2012 மார்ச்சில் விடுவித்தார்கள். அவரும் சும்மா போகவில்லை: 2011 நவம்பரில் அட்லெட்டிகோ மினெய்ரோவுக்கு எதிராக ஆட்டம் முடியும் நேரத்தில் 2–1 என்ற வெற்றிக் கோலை அடித்தவர். அந்த லீக்கை கொரிந்தியன்ஸ் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஒரு வருடச் சம்பளமும் சிகிச்சையும் அந்த ஒரு கோலுக்குத் தகுமா என்று கேட்டால், தகும் என்று சொல்லும் ரசிகனைக் குறை சொல்ல மாட்டேன்; கணக்குப் புத்தகம் வேறு சொல்லும்.

ஆனால் அவரை அனுப்பிய பிறகு அந்த வருடம் நடந்ததைப் பாருங்கள். நான்கு மாதத்தில் ஒரு ஆட்டமும் தோற்காமல் லிபர்ட்டடோரஸ். டிசம்பரில் இங்கிலாந்தின் செல்சியை 1–0 என்று வென்று உலக கிளப் கோப்பை. அணியில் உலகம் அறிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. பவுலினோ என்ற நடுக்கள வீரர் 2010இல் பிரகாஞ்சினோ என்ற சிறிய கிளப்பிலிருந்து வந்தவர். கால்இறுதியில் வாஸ்கோவுக்கு எதிராக ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது தலையால் கோல் அடித்தார். 2013இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அவரைப் பெரிய தொகைக்கு வாங்கியது. நட்சத்திரத்தை எடுக்கும்போது திரும்பி வராத காசு அதுதான். 33 வயதுக்காரரை யாருக்கும் விற்க முடியாது. அவர் ஆடிய இடத்தில் உட்கார்ந்திருந்த பையனையும் விற்க முடியாது, அவன் ஆடவே இல்லை.

இதற்கும் செலவு உண்டு. பொறுமை. முதல் ஆறு மாதம் ரசிகர்கள் திட்டுவார்கள். நல்ல தேர்வாளர்களும் நிலையான பயிற்சியாளரும் இல்லாத கிளப், மிச்சம் பிடித்த காசை மூன்று சாதாரண ஆட்களில் கரைத்துவிடும்.

ஒரே பார்வையில்

| வழி | நல்லது எப்போது | மறைந்த செலவு | பிரிவது |
|---|---|---|---|
| நீண்ட ஒப்பந்தம் | கடைசி வருடம் முழுக்க ஆடியிருந்தால் மட்டும் | பயிற்சியாளர் வேலை, கோர்ட், பாக்கி | மிகக் கடினம் |
| ஆறு மாதம் / ஒரு வருடம் | ஓடும் அணியும் கேட்ட பயிற்சியாளரும் இருந்தால் | பயிற்சிச் சலுகை, நீட்டிக்கும் ஆசை | எளிது |
| ஆட்டக்கூலி / பங்கு | பெரிய ரசிகர் படை இருந்தால் | காயத்தை மறைப்பது, வசூலுக்கு அடிமை | காகிதத்தில் எளிது, மனதில் கடினம் |
| வேண்டாம் | நிலையான பயிற்சியாளர், நல்ல தேர்வாளர்கள் இருந்தால் | பொறுமை | தேவையில்லை |

என் தேர்வு

முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தால் நாலாவதிலிருந்து தொடங்குவேன். பயிற்சியாளர் தானாக வந்து கேட்டால், ஓட ஆள் இருந்தால், சம்பளம் முழுக்க நம் பையில் இருந்தால் இரண்டாவதற்குப் போவேன். டிவிஷன் இறக்கத்தோடு போராடும் கிளப் ஜனவரியில் மீட்பராக ஒருவரைத் தேடினால், எந்த வழியிலும் எடுக்காதீர்கள் என்பேன். இறங்கும் அணியில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. அவருக்காக ஓட யாருக்கும் காலில் தெம்பு இருக்காது, அவர் மனதைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது.

அந்தக் கடைசி விஷயத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடி ஒரு நோய். ஒழுங்கு நடவடிக்கை அதற்கு மருந்து ஆகாது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப் காஸ்கோய்னை 1998 மார்ச்சில் 34.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, நேராக வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறக்கியது. அந்த அக்டோபரில் அவர் சிகிச்சை மையத்தில் இருந்தார். வாங்கிய நாளிலேயே மனநல மருத்துவர் யார், ராத்திரி பத்து மணிக்கு அவர் போன் செய்தால் எடுப்பது யார், ஆட்டம் இல்லாத திங்கள்கிழமை அவர் எங்கே இருப்பார் என்று கேட்டிருக்க வேண்டும். இதற்கு ஒரு ஆளை நியமிக்கும் சம்பளம், நட்சத்திரத்தின் ஒரு வாரச் சம்பளத்தைவிடக் குறைவு. அதைக் கொடுக்க மனமில்லாத கிளப், அவரை எடுக்கவும் கூடாது.

2024 டிசம்பரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் அட்ரியானோவுக்கு விடைபெறும் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஃபிளமெங்கோவின் பழைய ஆட்டக்காரர்கள், மறுபக்கம் இத்தாலியில் அவரோடு ஆடியவர்கள். 42 வயது, உடம்பு கனத்திருந்தது, அப்பாவின் பேச்சு வந்ததும் அழுதார். கோல் அடித்தபோது ஸ்டேண்டில் எழுந்து கத்தியவர்களில் 2009இல் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் நிறைய பேர்.